வரைபட மென்பொருள்களுக்கு இடையே புள்ளி இடம் மாறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே கோப்பு. கியூஜிஐஎஸ்ஸில் திறந்தால் கிணறு வயலில் இருக்கிறது, கூகுள் எர்த்தில் திறந்தால் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. நில அளவையர்கள், குடிநீர்க் குழாய் போடுபவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள் என்று பலரும் இந்தப் பிரச்சினையோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் தப்பு?" நான் திருப்பிக் கேட்பது, "எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது, எந்தத் திசையில்?" பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே காரணம் தெரிந்துவிடும்.

எந்த மென்பொருளை நம்புவது?

பெரும்பாலான நேரம் இரண்டுமே தங்கள் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கும். ஊர்ப் பெயர் இல்லாமல் "12, பள்ளிக்கூடத் தெரு" என்று மட்டும் எழுதிய கடிதத்தை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத் தெரு எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆயத்தொலைவுக்கு ஊர்ப் பெயர் மாதிரி இருப்பது டேட்டம். பூமியை எந்த அளவுள்ள உருண்டையாகக் கொண்டோம், அதை எந்த இடத்தில் பொருத்தினோம் என்பதற்கான ஒப்பந்தம் அது. கோப்பில் அந்தத் தகவல் இல்லையென்றால் ஒவ்வொரு மென்பொருளும் தானாக ஓர் ஊரை ஊகித்துக்கொள்ளும். ஒன்று கேட்டுவிட்டு ஊகிக்கும், இன்னொன்று கேட்காமலே ஊகிக்கும். தொல்லை தருவது இரண்டாவது வகை.

விலகலை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

இரண்டு மென்பொருளிலும் தெளிவாகத் தெரிகிற ஓர் இடத்தை எடுங்கள். பாலத்தின் முனை, குளக்கரையின் மூலை, கோயில் கோபுரம் எதுவானாலும் சரி. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து, திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு இரண்டு மூலைகளில் இப்படிச் செய்தால் இன்னும் நல்லது.

புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து, மாலத்தீவுக்குக் கிழக்கே நடுக்கடலில் பூமத்தியரேகை மேல் கிடந்தால், டிகிரியில் உள்ள எண்களை யூடிஎம் (உலகை ஆறு டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) மண்டலம் 44-இன் மீட்டர் என்று மென்பொருள் படித்திருக்கிறது. அறுநூற்றைம்பது கிலோமீட்டர் கிழக்கிலோ மேற்கிலோ போயிருந்தால் யூடிஎம் மண்டலம் மாறிவிட்டது. சென்னை அட்சத்தில் வடக்குத் தெற்காக ஏறத்தாழ ஒன்பதரை கிலோமீட்டர் என்றால், இணைய வரைபடங்களின் வெப் மெர்கேட்டரையும் சாதாரண மெர்கேட்டரையும் யாரோ குழப்பியிருக்கிறார்கள். முதலாவதன் இபிஎஸ்ஜி எண் (ஆயத்தொலைவு முறைகளின் பட்டியல் எண்) 3857, இரண்டாவதன் எண் 3395. 3857 பூமியை முழு உருண்டையாக வைத்துக் கணக்குப் போடுகிறது, 3395 அப்படிச் செய்வதில்லை. ஏறத்தாழ இருநூறு மீட்டர் இருந்தால் டேட்டம் மாற்றமே நடக்கவில்லை. நானூற்றைம்பது என்றால் மாற்றம் நடந்திருக்கிறது, ஆனால் குறிகள் தலைகீழ். கழிக்க வேண்டியதைக் கூட்டியதால் பிழை இரட்டிப்பாகியிருக்கும். பத்துப் பதினைந்து மீட்டர் என்றால் மாற்றத்துக்கான எண்கள் வேறு வேறு, அல்லது அந்த எண்களின் துல்லியமே அவ்வளவுதான். ஓரிரு மீட்டர் என்றால் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

ஊரின் இரண்டு மூலைகளிலும் விலகல் வேறு வேறு திசையில் இருந்தால் இது டேட்டம் பிரச்சினையே இல்லை. ஸ்கேன் செய்த தாள் இழுபட்டிருக்கிறது, அல்லது செயற்கைக்கோள் படமே சரியாகப் பொருந்தவில்லை. கூகுள் எர்த் படமும் சில மீட்டர் தள்ளி உட்காரும். அதை உரைகல்லாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த இருநூறு மீட்டர் எங்கிருந்து வருகிறது?

பழைய இந்திய வரைபடங்களிலிருந்து. 1802-இல் ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவைதான் பிற்பாடு நாடு முழுதும் பரவியது. அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் பூமிக்கு ஓர் அளவு சொன்னார். மத்தியப் பிரதேசத்தில் உள்ள கல்யாண்பூரைத் தொடக்கப் புள்ளியாக வைத்து அந்த எலிப்சாய்டை (துருவங்களில் சற்றே தட்டையான உருண்டையை) இந்தியாவுக்குப் பொருத்தினார்கள். இந்தியத் துணைக்கண்டத்துக்கு அது நன்றாகவே பொருந்தியது. ஆனால் அந்த எலிப்சாய்டின் மையம் பூமியின் மையத்தில் இல்லை. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84-இன் மையம் பூமியின் மையத்தில் இருக்கிறது. இரண்டு மையங்களும் தள்ளியிருப்பதும் எலிப்சாய்டுகளின் அளவு வேறுபடுவதும் சேர்ந்துதான் உங்கள் திரையில் இருநூறு மீட்டராகத் தெரிகிறது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். சென்னையில் பழைய டோப்போஷீட்டிலிருந்து (சர்வே ஆஃப் இந்தியா வரைபடத் தாள்) ஒரு புள்ளியைப் படிக்கிறீர்கள்: அட்சம் 13° 05' 00", தீர்க்கம் 80° 16' 30". கல்யாண்பூர் 1975-இலிருந்து டபிள்யூஜிஎஸ்84-க்கு மாற்ற வழக்கமாகப் பயன்படும் எண்கள் 295, 736, 257 மீட்டர். மையத்தை மூன்று அச்சுகளிலும் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதைச் சொல்பவை அவை. இந்த மூன்றையும் எலிப்சாய்டு வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் புள்ளி ஏறத்தாழ 13° 05' 05.1", 80° 16' 24.5" ஆகிறது. அதாவது 155 மீட்டர் வடக்கே, 166 மீட்டர் மேற்கே. பழைய எண்ணை அப்படியே கூகுள் எர்த்தில் தட்டினால் புள்ளி உண்மையான இடத்துக்குத் தென்கிழக்கே சுமார் 230 மீட்டரில் விழும். உங்கள் விலகலும் தென்கிழக்காக இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

ஷீட் பழையதா புதியதா என்பதை எண்ணே சொல்லிவிடும். 2005-இல் வந்த தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கான வரிசை டபிள்யூஜிஎஸ்84, யூடிஎம் அடிப்படைக்கு மாறியது. அதில் எண் டி44, சி43 என்று எழுத்தில் தொடங்கும். 58, 66 சி/8 என்ற பாணியில் இருந்தால் பெரும்பாலும் எவரெஸ்ட். எப்படியும் ஓரக்குறிப்பைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஸ்கேன் செய்யும்போது ஓரத்தை வெட்டிவிடுகிறவர்களைத்தான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

லேயரைப் பிடித்துக் கையால் 230 மீட்டர் நகர்த்திவிட்டால் போதாதா?

ஒரு கிராமத்துக்கு, ஒரு நாள் அவசரத்துக்கு என்றால் சரி. ஆனால் இந்த விலகல் ஊருக்கு ஊர் மாறும். அதே மூன்று எண்களை வைத்து டெல்லிக்குக் கணக்கிட்டால் மேற்கே 125 மீட்டர் வருகிறது, வடக்குத் தெற்கு வித்தியாசம் ஏறக்குறைய இல்லவே இல்லை. யாழ்ப்பாணத்துக்குப் போனால் கதையே வேறு. அங்கே பழைய டேட்டம் கண்டவளை. அதுவும் எவரெஸ்ட் எலிப்சாய்டுதான், ஆனால் தொடக்கப் புள்ளி வேறு, எண்கள் -97, 787, 86. அதன்படி யாழ்ப்பாணத்துப் புள்ளி கிழக்கே சுமார் 230 மீட்டர் நகர வேண்டும். சென்னையில் மேற்கே, பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் கிழக்கே. கையால் நகர்த்திய லேயரைப் பத்து மாதம் கழித்து வேறொருவர் வாங்கி, சரியான முறையில் இன்னொரு முறை மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டிலும் "எவரெஸ்ட்" என்றுதான் தேர்ந்தெடுத்தேன். இருந்தும் ஐந்தாறு மீட்டர் இடிக்கிறதே?

எந்த எவரெஸ்ட்? பட்டியலில் நாலைந்து இருக்கும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கதை இதுதான்.

எவரெஸ்ட் பூமியின் அரை அச்சை இந்திய அடியில் சொன்னார்: 2,09,22,931.80 அடி. அந்த எண் இன்றுவரை மாறவில்லை. மாறியதெல்லாம் ஓர் இந்திய அடிக்கு எத்தனை மீட்டர் என்பதுதான். 1937-இல் 0.30479841 மீட்டர் என்று கொண்டார்கள். பெருக்கினால் 63,77,276.345 மீட்டர் வரும். 1962-இன் மதிப்பு 0.3047996. அப்படிப் பெருக்கினால் 63,77,301.243. 1975-இல் 0.3047995 என்றாக, 63,77,299.151 ஆனது. பூமி அப்படியே இருக்க, அடிக்கோலின் ஆறாவது தசம இடத்தில் வந்த மாற்றத்தால் அது 25 மீட்டர் ஊதிவிட்டது.

அட்சம், தீர்க்கமாகவே மாற்றினால் கிடைமட்டத்தில் இந்த 25 மீட்டர் அதிகம் தெரியாது, உயரத்தில்தான் தெரியும். ஆனால் யூடிஎம் போல மீட்டரில் போனால் கதை வேறு. பூமத்தியரேகையிலிருந்து சென்னை சுமார் 1,450 கிலோமீட்டர் வடக்கே. பத்து லட்சத்தில் நான்கு பங்கு பிழை அங்கே ஐந்தரை மீட்டருக்கு மேல் ஆகிவிடும். உங்கள் ஐந்தாறு மீட்டர் அதுவாக இருக்கலாம்.

கைக்கருவிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. "இந்தியன்" என்ற பெயரில் பல டேட்டங்கள் வரிசையாக நிற்கும். வங்கதேசத்துக்கானதில் எண்கள் 282, 726, 254. இந்தியா, நேபாளத்துக்கானதில் 295, 736, 257. பெயரை முழுதாகப் படிக்காமல் முதலில் வந்ததை அழுத்தினால் பத்து மீட்டர் அளவுக்குப் போய்விடும்.

புரொஜெக்‌ஷனைச் சரியாகக் கொடுத்த பிறகுதான் கெட்டுப்போனது. ஏன்?

"அசைன்" செய்ய வேண்டிய இடத்தில் "ரீபுரொஜெக்ட்" செய்திருப்பீர்கள், அல்லது இதற்கு நேர்மாறு. அசைன் என்பது பெட்டியில் பெயர்ச்சீட்டு ஒட்டுவது. உள்ளே உள்ள எண்கள் தொடப்படாது. ரீபுரொஜெக்ட் என்பது உள்ளே உள்ள எண்களையே மாற்றிப் புதுப் பெட்டியில் போடுவது. ஆர்க்ஜிஐஎஸ்ஸில் முதலாவதற்கு "டிஃபைன் புரொஜெக்‌ஷன்" என்று பெயர், இரண்டாவதற்கு "புராஜெக்ட்".

நான் இதில் நன்றாகவே அடிபட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எவரெஸ்ட்டில் இருந்த ஏரிக்கரை லேயருக்கு டபிள்யூஜிஎஸ்84 சீட்டை ஒட்டி அனுப்பிவிட்டேன். திரையில் இடிக்கவே இல்லை, ஏனென்றால் என்னிடமிருந்த சாலை லேயருக்கும் அதே தப்பான சீட்டைத்தான் ஒட்டியிருந்தேன். இரண்டும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. களத்துக்கு ஜிபிஎஸ்ஸோடு போனவர் போன் செய்து, "அண்ணே, ஏரிக்குள்ள நிக்கிறேன், கரை எங்கே?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. அன்றிலிருந்து நான் சோதிக்க எடுக்கும் லேயர் எப்போதும் வேறு கையிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

கியூஜிஐஎஸ் பல மாற்று வழிகளைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எதை எடுப்பது?

ஆயத்தொலைவுகளை மாற்றும் நிரல் நூலகமான ப்ரோஜின் 6-ஆம் பதிப்பு 2019-இல் வந்த பிறகுதான் இந்தச் சாளரம் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. அதற்கு முன்பு பெரும்பாலும் ஒரு டேட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றத்தை வரையறையிலேயே ஒட்டி வைத்திருப்பார்கள். இப்போது தரவுத்தளத்தில் இருப்பதையெல்லாம் எடுத்துக்காட்டி, ஒவ்வொன்றும் எந்தப் பரப்புக்கு, எத்தனை மீட்டர் துல்லியம் என்று சொல்கிறது. பழைய பதிப்பில் செய்த வேலையும் புதிய பதிப்பில் செய்த வேலையும் இடித்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

பரப்பை முதலில் பாருங்கள், துல்லியத்தைப் பிறகு. உங்கள் ஊர் அந்தப் பரப்புக்குள் இல்லையென்றால் ஒரு மீட்டர் துல்லியத்தால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. "பால்பார்க்" என்று பெயர் போட்டிருந்தால் தொடவே தொடாதீர்கள். வழி தெரியாததால் இரண்டு டேட்டமும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்கிறேன் என்று மென்பொருள் மரியாதையாகச் சொல்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவின் நாட்27 போன்ற டேட்டங்களுக்குத் தனியாகக் கட்டக் கோப்புகள் (இடத்துக்கு இடம் எவ்வளவு நகர்த்துவது என்று சொல்பவை) வேண்டும். ஒரு கணினியில் அந்தக் கோப்பு இருந்து, இன்னொன்றில் இல்லாவிட்டால், ஒரே மென்பொருளின் ஒரே பதிப்பே இரண்டு விடை தரும்.

ஆர்க்ஜிஐஎஸ்ஸில் செய்ததோடு ஒப்பிட வேண்டுமானால், அங்கே எந்த மாற்றம் தேர்வாகியிருந்தது என்பதைத் திறந்து பார்த்து அதன் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பெயரை ஒப்பிடாதீர்கள், எண்களை ஒப்பிடுங்கள்.

இலங்கைத் தரவு 300 கிலோமீட்டர் தள்ளி விழுகிறது. சில நேரம் 200 மீட்டர்.

இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

முதலாவது எளிது. பழைய கண்டவளைக் கட்டத்தில் பீதுருதாலகால மலை உச்சியில் உள்ள தொடக்கத்துக்கு 2,00,000, 2,00,000 என்று மதிப்புக் கொடுத்திருந்தார்கள். எஸ்எல்டி99 என்ற புதிய இலங்கை டேட்டம் வந்தபோது அதை 5,00,000, 5,00,000 ஆக்கினார்கள். எனவே பழைய எண்ணைப் புதிய கட்டத்தில் போட்டால் இரு அச்சிலும் 300 கிலோமீட்டர் போகும். பழையதற்கு இபிஎஸ்ஜி 5234, புதியதற்கு 5235.

இரண்டாவது நயமானது. எஸ்எல்டி99-இலிருந்து டபிள்யூஜிஎஸ்84-க்கு ஏழு எண்கள் வேண்டும். மூன்று நகர்வு (-0.293, 766.95, 87.713 மீட்டர்), மூன்று சுழற்சி (0.195704, 1.695068, 3.473016 விநாடி), ஓர் அளவு மாற்றம் (பத்து லட்சத்தில் -0.0393). சுழற்சியில்தான் வில்லங்கம். புள்ளியைச் சுழற்றுகிறோமா, அச்சுகளைச் சுழற்றுகிறோமா என்று உலகில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்றில் கூட்டல் குறி என்றால் மற்றதில் கழித்தல். "பொசிஷன் வெக்டர்" என்றும் "கோஆர்டினேட் ஃபிரேம்" என்றும் மென்பொருளில் பார்த்திருப்பீர்கள். ப்ரோஜின் பழைய டூ-டபிள்யூஜிஎஸ்84 பாணி முதல் வழக்கம், மேலே கொடுத்த குறிகளும் அதற்கானவை. இதே எண்களை அப்படியே இரண்டாவது வழக்கத்தில் தட்டினால் இலங்கையில் புள்ளி சுமார் 200 மீட்டர் மேற்கே போய்விடும்.

எந்த வழக்கம் என்று குறிப்பில் இல்லாதபோது ஒரு சோதனை இருக்கிறது. சுழற்சியோடு கணக்கிட்டு வந்த மொத்த நகர்வை, பழைய கண்டவளையின் மூன்று எண்களோடு (-97, 787, 86) ஒப்பிடுங்கள். சரியான குறியில் சில மீட்டருக்குள் ஒத்துப்போகும். தப்பான குறியில் முதல் எண்ணே -97-க்குப் பதிலாகக் கூட்டல் 98 என்று வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

சென்னை ஏன் வட துருவத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது?

13-ஐயும் 80-ஐயும் இடம் மாற்றிப் போட்டுவிட்டீர்கள். அட்சம் 80, தீர்க்கம் 13 என்றால் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே கடல். இபிஎஸ்ஜி 4326-இன் வரையறையில் அட்சம் முதலில் வரும். ஜியோஜேசன், கேஎம்எல் கோப்பு வகைகள் தீர்க்கத்தை முதலில் எழுதும். இரண்டையும் கலந்து நிரல் எழுதினால் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்க முடியாது.

கோயம்புத்தூர் வங்காள விரிகுடாவில் விழுகிறது.

43-இன் எண்களை மென்பொருள் 44 என்று படித்திருக்கிறது. யூடிஎம் மண்டலங்கள் 43-க்கும் 44-க்கும் எல்லை 78° தீர்க்கம். அது தமிழ்நாட்டின் நடுவே ஓடுகிறது. கோயம்புத்தூர், ஈரோடு 43-இல். மதுரை, சேலம், சென்னை 44-இல். திண்டுக்கல் நகரம் எல்லைக்கு மேற்கே நூலிழையில் 43-இல் இருக்கிறது, அந்த மாவட்டத்து வேலை என்றாலே இரண்டு மண்டலக் கோப்புகளும் கலந்துதான் வரும். 43-க்கு இபிஎஸ்ஜி 32643, 44-க்கு 32644. முழு மாவட்டத்தையும் ஒரே மண்டலத்தில் வைத்துவிடுங்கள். எல்லையை அரை டிகிரி தாண்டினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

மெரினாவில் ட்ரோன் பறக்கவிட்டேன். மணலின் உயரம் மைனஸ் 80-க்கும் கீழே காட்டுகிறது.

ஜிபிஎஸ் தருவது எலிப்சாய்டிலிருந்து உயரம். நீங்கள் எதிர்பார்ப்பது கடல்மட்டத்திலிருந்து உயரம். பூமியின் ஈர்ப்பு சீராக இல்லாததால் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. உலகிலேயே கடல்மட்டம் எலிப்சாய்டுக்கு மிகவும் கீழே இருப்பது நம் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். அங்கே 100 மீட்டருக்கும் மேல் பள்ளம். சென்னையும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை இடத்துக்கு இடம் சொல்லும் ஈஜிஎம்96 அல்லது ஈஜிஎம்2008 மாதிரியைச் சேர்த்தால் சரியாகிவிடும். ஒரு மென்பொருள் தானாகச் சேர்த்து, இன்னொன்று சேர்க்காமல் விட்டால் இரண்டு கோப்புகளுக்கும் நடுவே இருபத்தைந்து மாடி உயரம் வித்தியாசம் வரும். ட்ரோன் கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம்.

எல்லாம் சரி, ஒரு மீட்டர் மட்டும் இடிக்கிறது.

இரண்டு அளவைகளுக்கும் நடுவே எத்தனை வருடம்? இந்தியத் தட்டு வருடத்துக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. இருபது வருடத்தில் அது ஒரு மீட்டர். ஆஸ்திரேலியாவில் இதற்காகவே 1994 டேட்டத்தை விட்டு 2020 டேட்டத்துக்கு மாறியபோது நாடே 1.8 மீட்டர் நகர்ந்தது. குழாய்ப் பாதை வரைகிறவர் இதைக் கண்டுகொள்ள வேண்டாம். ஆர்டிகே கருவியோடு (மிகத் துல்லியமான ஜிபிஎஸ்) சென்டிமீட்டர் பேசுகிறவர் எந்த வருடத்து மதிப்பு என்று எழுதியே ஆக வேண்டும்.

எஃப்எம்பி ஸ்கெட்ச்சை (வருவாய்த் துறையின் புல வரைபடம்) எந்த டேட்டத்திலிருந்து மாற்றுவது?

அதில் டேட்டமே கிடையாது. ஜி-லைன் என்ற, புலத்தின் குறுக்கே போகும் அளவைக் கோடும், அதிலிருந்து இடமும் வலமும் எடுத்த அளவுகளும்தான் இருக்கும். நிலத்தில் நிற்கும் எல்லைக்கல் நாலைந்தை நல்ல ஜிபிஎஸ்ஸால் எடுத்து, அவற்றில் கட்டிப் பொருத்த வேண்டும். மாற்றப் பட்டியலில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

நான் தரவு கொடுக்கும்போது என்ன எழுதிக் கொடுப்பது?

நான் கோப்போடு ஒரு சின்ன உரைக்கோப்பு வைப்பேன். போன வாரம் வைத்தது இது:

"மூலம்: பழைய 1:50,000 ஷீட், 66 சி/8. மூல டேட்டம் கல்யாண்பூர் 1975. மாற்றம் 295, 736, 257, மூன்று எண் முறை, பத்துப் பதினைந்து மீட்டர் வரை பிழை இருக்கலாம். இப்போது இருப்பது இபிஎஸ்ஜி 32644. உயரம் இல்லை. சோதனைப் புள்ளி: மூலத்தில் 13° 05' 00", 80° 16' 30". மாற்றிய பின் 13° 05' 05.1", 80° 16' 24.5". உங்கள் மென்பொருளில் வேறு விடை வந்தால் லேயரை நகர்த்தாமல் எனக்குப் போன் செய்யவும்."